டாக்டர் டி. எம். நாயர்

கடல் கடந்து பொருள் ஈட்டுதல் நம் நாட்டார்க்குப் பழைய வழக்கம். கடல் கடந்து கல்வி ஈட்டுதலோ பிற்காலத்தே எழுந்தது. இந்நாளில் நம் கல்லூரி மாணாக்கருட் பலர் மேனாட்டுச் சர்வகலாசாலைகளின் பெயர்களை நாவிற் கொண்டு உலவுகின்றனர். அங்குச் செல்வது எங்ஙனம் என்று வினவுவோர் பலர்; சென்று மீண்டபின் செய்யக்கடவது யாது என்று வினவுவோர் மிகச் சிலர். ஆதலின், நம் கொங்கு நாட்டின் மேலை வாயிலாகிய பாலக்காட்டிற் பயின்று, ஸ்காட்லாந்து தேசத்து எடின்பரோ நகரிற் பட்டம் பெற்று, கற்ற கல்வியைத் தாய்நாட்டிற்கே செலவிட்ட ஒரு பெரியாரின் சரித்திரத்தை ஈண்டுச் சுருங்க வரையத் துணிந்தோம். அவர்தாம் டாக்டர் தாரவத்து மாதவன் நாயர்.

இவர் 1868-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 15-ஆம் நாள் மலையாள நாட்டுத் திரூரிற் பிறந்தார். தந்தையார் ஜில்லா முன்சீப் உத்தியோகம் வகித்தவர். இப்பொழுது கேரள மாநிலத்தைச் சார்ந்த பாலக்காடு அந்நாளிற் சென்னை மாகாணத்து மலபார் ஜில்லாவிற்கு உட்பட்டிருந்தது. அவ்வூர் அரசாங்க உயர்தரப் பாடசாலையிற் கல்வி முடித்த நாயர் சென்னைக்கு ஏகினார். பாலக்காட்டினின்றும் சென்னைக்குச் செல்லும் இருப்புப் பாதை நம் போத்தனூரையும் ஈரோட்டையும் கடந்து செல்வது. பிற்காலத்தில் வாதத்தாற் பலரை நடுங்கச் செய்த அப்பெரியார், நூற்பெட்டியுடன் அவ்வழியே சென்ற ஓர் இளைஞராய் இருந்த காலமும் உண்டு என்பதை நினைக்குந்தோறும் எமக்கு ஓர் ஊக்கம் பிறக்கின்றது.

சென்னை இராஜதானிக் கல்லூரியிலும், பின்னர் வைத்தியக் கல்லூரியிலும் பயின்ற நாயர், அங்குப் படிப்பு முற்றுப்பெறு முன்னரே எடின்பரோவிற்குப் புறப்பட்டார். கப்பலேறுவோர் குலாசாரத்தை இழப்பர் என்னும் எண்ணம் நம்மவரிடை வேரூன்றியிருந்த காலம் அது. அச்சர்வகலாசாலை பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றியது. அதன் வைத்தியப் பகுதி 1726-இல் நிறுவப்பெற்றது. மயக்கமருந்தாகிய குளோரோபாரத்தைப் பிரசவ வேதனை தணிக்கப் பயன்படுத்திய சிம்ஸனும், ரணசிகிச்சையில் நச்சுக்கிருமிகளை அகற்றும் முறையைப் பரப்பிய லிஸ்டரும் போதித்த இடம் அது. வங்காளத்துப் பிரபுல்ல சந்திர ராய் 1887-இல் ரசாயன நூலில் டாக்டர் பட்டம் பெற்றதும் அங்கேதான். ஸ்காட்லாந்து தேசத்தார் நம் நாட்டிற்கு வந்து கல்லூரிகள் நிறுவிக் கற்பித்தமை யாவரும் அறிந்ததே. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியை வளர்த்த டாக்டர் மில்லரும் எடின்பரோவில் இறையியல் பயின்றவரே. அங்ஙனம் அவர் தம் வாழ்நாளை ஈண்டுச் செலவிட, நம்மவர் கல்வி நாடி அங்குச் சென்றனர். கொள்ளலும் கொடுத்தலும் இருபாலும் நிகழ்ந்தன எனலாம்.

நாயர் 1894-இல் எம்.பி., ஸி.எம். பட்டமும், 1896-இல் எம்.டி. பட்டமும் பெற்றார். காது, மூக்கு, தொண்டை ஆகிய உறுப்புக்களின் சிகிச்சையிற் சிறப்புத் தேர்ச்சியும் அடைந்தார். ஆங்கிலநாட்டிலேயே தங்கிப் பொருளும் புகழும் எய்தியிருப்பின் அவரைக் குறைகூறுவார் இலர். அவரோ 1897-இல் தாயகம் மீண்டு, சென்னையில் வைத்தியத் தொழிலை மேற்கொண்டார். 1904-இல் திருவல்லிக்கேணியின் பிரதிநிதியாக நகரசபையிற் புகுந்து பல்லாண்டு பணியாற்றினார். லிஸ்டரின் முறையை நினைவூட்டும் பெயருடைய ஆண்டிசெப்டிக் என்னும் வைத்தியப் பத்திரிகைக்கு ஆசிரியராகவும் விளங்கினார்.

நிற்க. இனி யாம் கூறப்புகுவது அவர் வாழ்க்கையில் எம் நெஞ்சை மிகக் கவர்ந்த பகுதியாம். 1891-ஆம் ஆண்டின் ஆலைச் சட்டம் பெண்டிர்க்கு நாளொன்றுக்குப் பதினொரு மணியும், சிறார்க்கு ஏழு மணியும் என வேலைநேரத்தை வரையறுத்தது. வயதுவந்த ஆடவர்க்கோ எல்லை யாதும் இல்லை. மின்விளக்கு வந்தபின் இரவும் பகலாயிற்று. பம்பாய் ஆலைகளிற் சில நாளொன்றுக்குப் பதினான்கு மணிக்கு மேலும் ஓடின. இதனை ஆராய 1907-இல் இந்திய ஆலைத் தொழிலாளர் கமிஷன் நியமிக்கப்பெற்றது. நாயர் அதன் அங்கத்தினருள் ஒருவர். வயதுவந்த ஆடவரின் வேலைநேரத்தைச் சட்டத்தால் நேரே வரையறுத்தல் கூடாதெனப் பெரும்பான்மையோர் முடிவு செய்தனர். நாயர் அதற்கு உடன்படாது, தம் கருத்தைத் தனியே வரைந்து சேர்த்தார். நெடுநேர உழைப்புத் தொழிலாளரின் உடலை அழிக்கும் என்பதும், சட்டமே அவர்க்குக் காப்பாகும் என்பதும் அவர் கொள்கை.

அவர் கருத்து அன்று தனிக்குரலாகவே ஒலித்தது. ஆயினும், 1911-ஆம் ஆண்டின் சட்டம் நெசவாலைகளில் ஆடவர் வேலைநேரத்தைப் பன்னிரண்டு மணியாக வரையறுத்தது. 1922-இல் அது பதினொன்றாயிற்று, 1934-இல் பத்தாயிற்று, 1948-ஆம் ஆண்டின் சட்டம் அதனை ஒன்பதாக்கி, வாரத்திற்கு நாற்பத்தெட்டு மணி என நிறுத்தியது. இவையெல்லாம் அவர் ஒருவரால் ஆயின என்பது எம் கருத்தன்று. பாடுபட்டார் பலர். எனினும், பலர் ஒருபுறம் நிற்கத் தாம் மறுபுறம் தனித்து நின்றாருள் அவர் முற்பட்டவர்.

அரசியலில் அவர் பெயர் பெரிதும் வழங்குவது ஜஸ்டிஸ் கட்சியாலேயாம். நகரசபையில் அவருக்கும் சர் பிட்டி தியாகராயருக்கும் மனவேற்றுமை உண்டாயிற்று. டாக்டர் சி. நடேச முதலியார் அவ்விருவரையும் ஒன்றுபடுத்த முயன்றார். 1916-ஆம் ஆண்டு நவம்பர் 20-ஆம் நாள் சென்னையிற் கூடிய கூட்டத்தின் பயனாகத் தென்னிந்திய நலவுரிமைச் சங்கம் தோன்றியது. கல்வியிலும் உத்தியோகத்திலும் பிராமணரல்லாதார்க்கு உரிய பங்கு வேண்டுமென்பது அதன் நோக்கம். 1917-இல் தொடங்கிய ஜஸ்டிஸ் பத்திரிகைக்கு நாயரே ஆசிரியரானார். அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில், பனகல் அரசரின் தலைமையில், அவ்வியக்கத்தின் முதல் மாநாடு நம் கோயம்புத்தூரிலேயே நடைபெற்றது. தன்னாட்சி வேட்கை நாடெங்கும் பரவிய அந்நாளில், ஆங்கில அரசாங்கத்தைச் சார்ந்து நின்றது அக்கட்சி எனக் கண்டித்தாரும் உளர். நாயரின் சொல் சிலவேளை அளவிறந்து கடுத்ததும் உண்டு. அவற்றை மறைப்பது சரித்திரம் எழுதுவார்க்கு அழகன்று.

1918-இல் தம் கட்சியின் கோரிக்கையைப் பார்லிமெண்டின்முன் வைக்கும் பொருட்டு அவர் இலண்டன் சென்றார். அங்குப் பொதுமேடையிற் பேசலாகாது என அரசாங்கம் முதலில் தடைவிதித்துப் பின்னர் நீக்கியது. மறுவருடம் மீண்டும் சென்றார். சீர்திருத்த மசோதாவை ஆராய்ந்த பார்லிமெண்டுக் கமிட்டியின்முன் சாட்சியம் கூறவேண்டிய தறுவாயில் நோய் அவரைப் பற்றியது. 1919-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 17-ஆம் நாள், ஐம்பத்தோராம் வயதில், இலண்டனிலேயே உயிர் நீத்தார். பலர் பிணியை நீக்கியவர், தாம் பேசவேண்டிய நாளில் தம் பிணியை வெல்லவியலாது போயினார். இளமையிற் கல்வி நாடிச் சென்ற நாட்டிற்கே முதுமை எய்து முன் நியாயம் நாடிச் சென்று மாண்டார்.

அன்பர்களே! 1888-இல் நம் நகரில் முதற் பஞ்சாலை எழுந்தது. அது முதல் ஆலைச் சங்கொலியே ஈண்டுப் பல இல்லங்கட்குக் கடிகாரமாயிற்று. எம்முடன் ஒரே பலகையில் அமர்ந்து இலக்கணம் பயில்வாருட் சிலர் ஆலைத் தொழிலாளரின் மக்கள். தந்தை பகலொளியில் வீடு திரும்பி, மைந்தன் படிக்கும் நூலை அருகிருந்து நோக்கும் பேறு அவர்கட்குக் கிட்டியிருக்கின்றது. அப்பேற்றிற்கு ஒரு சட்டம் காரணம். அச்சட்டத்தின் வரலாற்றில் எடின்பரோவிற் பயின்ற ஒரு வைத்தியரின் மறுப்புரையும் உளது.

யாமும் சென்ற ஆண்டு ஸ்காட்லாந்து தேசத்துச் சர்வகலாசாலை ஒன்றின் விவரங்களை வருவித்து, செலவைக் கணக்கிட்டு, பெருமூச்சுடன் மடித்து வைத்தவரே. இச்சரித்திரத்தைக் கற்றபின் அத்தாள்களை மீண்டும் விரித்தோம். தொகை குறையவில்லை, எம் வினா மாறிற்று. செல்லும் வாய்ப்புக் கிட்டுவார் மகிழ்ந்து செல்க. மீள்பவர், தம் கல்வியால் எவருடைய சுமை ஒரு மணி நேரமேனும் குறையும் என்பதையும் உடன்வைத்து எண்ணுக. வாய்ப்புக் கிட்டாத எம்போலியர்க்கும் அவ்வினா உரியதே.