ஜான்சி ஹீரோஸ் தயான் சந்த்

தயான் சந்த் என்றதும் நமக்கு 1928, 1932, 1936 ஒலிம்பிக் தங்கங்கள்தான் ஞாபகம் வரும். பெர்லின் ஃபைனலில் ஜெர்மனியை 8-1 என்று நொறுக்கிய கதையை ஹாஸ்டல் வராந்தாவில் எத்தனை தடவை பேசியிருப்போம்! ஆனால் தான் ஆடியதிலேயே சிறந்த மேட்ச் என்று அவர் சுயசரிதையில் சொன்னது ஒலிம்பிக் ஆட்டத்தை இல்லை, ஊர் கிளப்புக்காக ஆடினதை.

1905-ல் அலகாபாத்தில் பிறந்தவர். அப்பாவுக்கு ராணுவ வேலை. குடும்பம் ஜான்சியில் தங்கிவிட்டது. 1922-ல், பதினாறு வயதில் சிப்பாயாகச் சேர்ந்த பிறகுதான் ஹாக்கியில் முழுசாக இறங்கினார். டியூட்டி முடிந்து நிலா வெளிச்சத்தில் பழகினதால் 'சந்த்' என்ற பெயர் ஒட்டிக்கிச்சு என்பார்கள்.

ராணுவ டீம் இருந்தும் ஊர் கிளப்பான ஜான்சி ஹீரோஸை அவர் விடவில்லை. தம்பி ரூப் சிங்கும் அதே கிளப்தான். 1933-ல் கல்கத்தாவில் பெய்டன் கோப்பை ஃபைனல். எதிரணி கல்கத்தா கஸ்டம்ஸ். அவங்க ஊர், அவங்க கூட்டம். நெருக்கித் தள்ளினார்கள். நடுவில் தயான் சந்த் நீளமாக அனுப்பின ஒரு பந்தை, இஸ்மாயில் விரட்டிப் பிடித்து கோலாக்கினார். மேட்சுக்கே அந்த ஒரு கோல்தான். கோல்களை அள்ளிக் குவித்த மனுஷர், தான் கோல் போடாத மேட்சைத்தான் பெரிசாக நினைத்திருக்கார். நம்ம காலேஜ் டீம் பசங்க இதைக் கவனிக்கணும்.

1956-ல் மேஜராக ஓய்வு பெற்றார். அதே வருஷம் பத்மபூஷண். கடைசிக் காலத்தில் பணத்துக்குச் சிரமப்பட்டார். 1979 டிசம்பர் 3 அன்று டெல்லியில் காலமானார். உடலை ஜான்சிக்குக் கொண்டு வந்தார்கள். தகனத்துக்கு முதலில் அனுமதி கிடைப்பதில் இழுபறி. கடைசியில் ஹீரோஸ் கிரவுண்டிலேயே தீ மூட்டினார்கள்.