தோர்ணக்கல் பேராயர் அசரியா

கல்வியால் உயர்ந்த நம்மவர் பலரைப் பற்றி இம்மலரில் அன்பர்கள் எழுதுவர். நாம் எடுத்துக்கொண்டது நம் சமூகத்திற் பிறவாத ஒருவரின் வரலாறு. எனினும் அன்னாரின் வாழ்நாள் உழைப்பு, பெரும்பாலும் சேரிவாழ் மக்களிடையேதான் கழிந்தது. எழுத்தறியாத அம்மக்கள் தம் சமயத்தைத் தாமே அறிந்து, தாமே நடத்தி, அதன்படி வாழும் நிலைக்கு எவ்வாறு வந்தனர் என்பதை நம் இளைஞர்கள் அறிதல் வேண்டும்.

வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874 ஆகஸ்ட் 17இல், இன்றைய தூத்துக்குடி மாவட்டத்திலுள்ள வெள்ளாளன்விளையில் பிறந்தார். தந்தையார் அவ்வூர்ச் சபையின் குருவானவர். இளமையிலேயே தந்தையை இழந்த அசரியா, தாயாரின் கண்டிப்பான வளர்ப்பில் கற்று, மதராஸ் கிறிஸ்தவக் கல்லூரி வரை சென்றார். இறுதித் தேர்வு வேளையில் நோயுற்றமையால் பட்டம் கிட்டவில்லை. அதே மனிதருக்குக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1920இல் மதிப்புறு டாக்டர் பட்டம் வழங்கியது. ஒரு தேர்வு தவறியதும் மூலையில் ஒடுங்கும் மாணவரை ஆண்டுதோறும் காணும் நமக்கு இது சிறிய செய்தியன்று.

1895 முதல் வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தில் பணியாற்றி ஊரூராய்ச் சுற்றினார். 1898இல் அன்பு மரியம்மாளை மணந்தார். கல்லூரிக் கல்வி பெற்ற தென்னிந்தியக் கிறிஸ்தவப் பெண்களில் அவ்வம்மையார் முன்னோடிகளுள் ஒருவர். 1902இல் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழ்ச் சபையார் தம் சொந்தப் பணத்தில் வெளியிடங்களுக்கு ஊழியரை அனுப்புவதைக் கண்டார். பழைமையான திருநெல்வேலிச் சபை இதைச் செய்யவில்லையே என்ற நாணம் அவரை உறுத்தியது. அதன் விளைவே 1903இல் தோன்றிய இந்திய மிஷனெரி சங்கம். பிறர் கொடுப்பதை வாங்கியே பழகியவர்கள் தாமும் கொடுக்கத் தொடங்க வேண்டும் என்ற எண்ணம் அன்று முதல் அவரை விட்டு நீங்கவில்லை.

சங்கம் தேர்ந்த களம், அன்று ஐதராபாத் நிசாமின் ஆட்சியில் இருந்த தோர்ணக்கல். பிறரை அனுப்பிவிட்டுத் தாம் சென்னையில் இருத்தல் தகாது எனக் கருதிய அசரியா, 1909இல் குருப்பட்டம் பெற்றுத் தாமே அங்குச் சென்றார். முப்பத்தைந்தாம் அகவையில் தெலுங்கு கற்கலானார். மறு ஆண்டு எடின்பரோவில் கூடிய உலக மிஷனெரி மாநாட்டில், வெள்ளையரான ஊழியர் இந்திய ஊழியருடன் நண்பராய்ப் பழகுவதில்லை என்பதை அவர்கள் முகத்துக்கு நேரே எடுத்துரைத்தார். அவையில் பலருக்கு அது கசந்தது. 1912 டிசம்பர் 29இல் கல்கத்தாவில் பேராயராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் அப்பதவி பெற்ற முதல் இந்தியர் இவரே.

அப்பகுதியில் சபைக்கு வந்தவர்களிற் பெரும்பாலோர் மாலா, மாதிகா மக்கள். வயற்கூலிகளும் தோல் தொழிலாளரும் நெசவாளருமாய், நிலவுடைமையாளருக்குக் கூலியின்றி வெட்டி வேலை செய்தவர்கள். தலையில் நீர் வார்த்துப் பெயர் மாற்றுவதோடு தம் பணி முடிந்தது என்று அசரியா எண்ணவில்லை. பகலெல்லாம் உழைத்தவர்க்கு இரவில்தான் ஓய்வு. ஆகவே இரவில்தான் பாடம். விசுவாசப் பிரமாணமும் கற்பனைகளும் வேதக் கதைகளும் தெலுங்குப் பாட்டாய் அவர்கள் நாவில் ஏறின. எழுத்தறியாதார் என்பதனால் அறிவற்றார் என்று அவர் எவரையும் கருதியதில்லை. மாட்டு வண்டியில் சிற்றூர்களுக்குச் சென்று, தெருவில் மக்கள் நடுவே நின்று வினாக் கேட்பார். அழுக்கு, நோய், கடன், குடி என நான்கு பேய்களை வகுத்து, அவற்றை ஓட்டினீர்களா என்று வினவுவது அவர் வழக்கம். நம்மூர்களில் இன்றும் அந்நான்கும் குடியிருக்கின்றன. கடனும் குடியும் பெருத்தே இருக்கின்றன.

திருமுழுக்குப் பெறுபவர் ஒவ்வொருவரும் தம் கையைத் தம் தலைமேல் வைத்து, தாம் பெற்றதைப் பிறர்க்கு அறிவிக்கும் கடமையை ஏற்க வேண்டும் என அவர் ஏற்பாடு செய்திருந்தார். கூலிக்காரரும் அன்றே ஆசிரியராவார் என்பது இதன் பொருள். அறுவடைத் திருநாளில் பணமில்லாதார் தானியமும் கோழியும் கொணர்ந்து படைத்தனர். ஏழையிடம் வாங்கலாமா என்று சிலர் இன்றும் கேட்கலாம். கொடுக்கும் உரிமையை ஏழைக்கு மறுப்பதும் ஒருவகைத் தாழ்த்தலே என்பது நம் கருத்து. நம் சங்கமும் உறுப்பினர் சந்தாவால்தானே வளர்ந்தது?

தோர்ணக்கலில் பயிற்சி பெறும் உபதேசியாருடன் அவர் மனைவியும் கற்றார். ஊருக்குக் கணவர் மட்டும் ஆசிரியராய்ச் சென்றால் பெண்கள் அறியாமையிலேயே இருந்துவிடுவர் என்பதை அன்பு மரியம்மாள் நன்குணர்ந்திருந்தார். 1935 அளவில் அம்மறைமாவட்டத்தில் சிற்றூர் ஆசிரியர்கள் 2000 பேருக்கு மேல் இருந்தனர். ஒடுக்கப்பட்டோர் வாழ்வில் நேர்ந்த மாற்றத்தைக் கண்ட பிற சாதியாரிற் சிலரும் 1930களில் சபை நாடி வந்தனர். அடிமைகள் ஆண்டைகளுக்கு வழிகாட்டினர் எனலாம்.

குறையும் கூற வேண்டும். சபைக்குள் சாதி கூடாது என்பதில் அசரியா உறுதியாக இருந்தும், மாலா, மாதிகா மக்களுக்கிடையே இருந்த பிளவு அவர் காலத்தில் முற்றும் நீங்கவில்லை. கிறிஸ்தவர்க்குத் தனித்தொகுதி வேண்டாம் என்றும் அவர் வாதிட்டார். சபை ஓர் அரசியல் பிரிவாகிவிடும் என்பது அவர் அச்சம். அதே காலத்தில் தாழ்த்தப்பட்டோருக்குத் தனித்தொகுதி கேட்டுப் போராடிய அண்ணல் அம்பேத்கரின் வழிவந்த நம்மில் பலர், அசரியாவின் இம்முடிவை ஏற்பது அரிது. நாமும் ஏற்கவில்லை.

தோர்ணக்கல் பேராலயம் 1939 ஜனவரி 6இல் பிரதிட்டை செய்யப்பட்டது. மசூதியின் குவிமாடமும் கோயிலின் தூண்களும் அதில் இணைந்துள்ளன. அது கட்டி முடியக் கால் நூற்றாண்டு சென்றது. பிரிந்து கிடந்த சபைகளை ஒன்றாக்க 1919இல் தரங்கம்பாடியில் கூடியோருள் அவர் முதன்மையானவர். அம்முயற்சி தென்னிந்தியத் திருச்சபையாக உருப்பெற்றது 1947 செப்டம்பர் 27இல். அதைக் காண அவர் இல்லை. 1945 ஜனவரி 1இல் தோர்ணக்கலில் காலமானார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். அவர் இறக்கும் வரை, அத்திருச்சபையில் ஒரு மறைமாவட்டத்தை ஆளும் பொறுப்பு வேறெந்த இந்தியருக்கும் கொடுக்கப்படவில்லை.