குருதி வழி கண்ட ஹிர்ஷ்பெல்டு

தேனி மாவட்டத்து ஓடைப்பட்டி, திராட்சைக்குப் பெயர் பெற்ற ஊர். அங்குத் தோட்டம் வைப்போர் விதை ஊன்றுவதில்லை. நல்ல கொடியிலிருந்து குச்சியை வெட்டி நடுவர். தாய்க்கொடியின் இயல்பு புதுக்கொடியிலும் அப்படியே விளங்கும். மக்கட்பேறு அத்தகையதன்று. தந்தையின் கூறும் தாயின் கூறும் கலந்தே குழந்தை பிறக்கின்றது. அக்கலப்பு நம் குருதியிலும் ஒரு நெறிப்படி நிகழ்கின்றது என்பதைக் காட்டியவர் லுட்விக் ஹிர்ஷ்பெல்டு என்னும் மருத்துவர்.

அவர் 1884ஆம் ஆண்டு வார்சா நகரில் யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். ஜெர்மனியில் மருத்துவம் பயின்றார். மக்கள் அனைவரின் குருதியும் ஒரே வகையினது அன்று என்பதை வியன்னா நகர அறிஞர் லாண்ட்ஸ்டைனர் 1901இலேயே வெளியிட்டிருந்தார். ஆனால், அவ்வகைகள் வழிவழி வருவனவா என்பது விளங்காதிருந்தது. ஹைடல்பர்க் நகரில் பேராசிரியர் டுங்கெர்னும் ஹிர்ஷ்பெல்டும் பல குடும்பங்களை நாடிச் சென்று, பெற்றோர், பிள்ளைகள் ஆகியோரின் குருதியை ஒப்பிட்டனர். பெற்றோர் இருவரிடமும் காணப்படாத ஏ கூறோ பி கூறோ பிள்ளையிடம் தோன்றுவதில்லை என்று 1910இல் அறிவித்தனர். ஏ, பி, ஏபி, ஓ என இன்று நாம் வழங்கும் பெயர்களும் அவர்கள் தந்தவையே.

அந்நெறியின் கணக்கை 1924இல் பெர்ன்ஸ்டைன் என்னும் கணித அறிஞர் திருத்தமாக வகுத்தார். ஒவ்வொருவரும் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டு கூறுகளைப் பெறுகின்றனர். ஏ, பி என்பன வெளிப்பட்டுத் தோன்றும். ஓ அவற்றின் பின்னே மறைந்து நிற்கும். தந்தை ஏ, தாய் பி. இருவரிடமும் ஓ மறைந்துள்ளது எனக் கொள்வோம். அவர்களுடைய பிள்ளைகளுள் நான்கு வகையினரும் இருத்தல் கூடும். பிள்ளையின் வகை பெற்றோரின் வகையோடு ஒவ்வவில்லை எனக் கண்டு ஒரு தாயை ஐயுறுவது பேதைமையாகும். 1952இல் பம்பாயில் மருத்துவர் பெண்டேயும் அவர்தம் துணைவரும் கண்டறிந்த அரிய வகை இன்னும் வியப்புடையது. அவ்வகையினரிடம் ஏ அல்லது பி கூறு இருந்தாலும் அது வெளிப்படுவதில்லை. அவர்களது குருதி ஓ போன்றே தோன்றும். ஆயினும், அக்கூறு பிள்ளையிடம் சென்று வெளிப்படலாம்.

முதல் உலகப் போரின்போது செர்பியாவில் நச்சுக்காய்ச்சல் பரவி மக்கள் மாண்டனர். ஹிர்ஷ்பெல்டு தாமே முன்வந்து அங்குச் சென்றார். மருத்துவரான மனைவி ஹன்னாவும் உடன் தொண்டாற்றினார். பின்னர்க் கிரேக்க நாட்டுச் சலோனிகாவில் பல நாட்டுப் படைகள் கூடியிருந்தன. அவற்றுள் இந்திய வீரரும் இருந்தனர். கணவனும் மனைவியும் எண்ணாயிரத்துக்கு மேற்பட்டோரின் குருதியைச் சோதித்து, முடிவுகளை 1919இல் வெளியிட்டனர். மேலை ஐரோப்பியரிடம் ஏ மிகுதி. இந்தியரிடம் பி மிகுதி. ஆயினும், ஏ அல்லது பி அறவே இல்லாத மக்கள் எவரையும் அவர்கள் அங்குக் காணவில்லை.

இவ்வுண்மையைக் கண்டவரையே குருதித் தூய்மை பேசிய நாஜிகள் துன்புறுத்தினர். யூதராய்ப் பிறந்த காரணத்தால் 1941இல் அவர் குடும்பத்தோடு வார்சாவின் யூதச் சேரியில் அடைக்கப்பட்டார். பசியும் நோயும் சூழ்ந்த அவ்விடத்திலும் நச்சுக்காய்ச்சலைத் தடுக்கப் பாடுபட்டார். இளைஞர்க்கு மறைவாக மருத்துவம் கற்பித்தார். 1942இல் தப்பி, வேறு பெயர்களில் மறைந்து வாழ்ந்தனர். மறுஆண்டு அவர்களின் ஒரே மகள் மரியா இறந்தாள். பெற்றோரின் கூறு பிள்ளையிடம் தொடர்வதை ஆராய்ந்தவருக்குத் தம் வழி அங்கே முடிந்தது.

போர் முடிந்தபின் விராட்ஸ்வாப் நகரில் மருத்துவக் கல்வியை மீண்டும் நிலைநாட்ட உழைத்தார். தாயின் குருதியும் கருவிலுள்ள சேயின் குருதியும் ஒவ்வாமையால் சேய்கள் மடிவதைத் தடுப்பதில் ஈடுபட்டார். 1952இல் அந்நகரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவி, 1954 மார்ச்சு 7ஆம் நாள் இயற்கை எய்தினார். அந்நிலையம் இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது.