நகைப் பட்டறையை விட்டுப் பாட்டுக்குப் போன திருச்சிப் பையன்... எம்.கே.தியாகராஜ பாகவதரின் கதை!

இன்றைக்கு ஒரு படம் 50 நாள் ஓடினாலே போஸ்டர் அடித்துக் கொண்டாடுகிறோம். ஆனால் சென்னை பிராட்வே தியேட்டரில் ஒரு படம் 3 தீபாவளிகளைப் பார்த்தது. 1944-ல் வெளியான 'ஹரிதாஸ்' தான் அது. அதில் 2 தீபாவளிகளுக்கு அந்தப் படத்தின் ஹீரோ சிறையில் இருந்தார்!

அவர்தான் எம்.கே.டி என்று அழைக்கப்படும் எம்.கே.தியாகராஜ பாகவதர். தமிழ் சினிமாவின் முதல் சூப்பர் ஸ்டார்.

வீட்டுத் தொழில் என்ன?

1910 மார்ச் 1-ல் மாயவரத்தில் பிறந்தவர் தியாகராஜன். அப்பா கிருஷ்ணமூர்த்தி ஆச்சாரி, பொற்கொல்லர். குடும்பம் திருச்சிக்குக் குடிபெயர்ந்தது. பொன் உருக்குவது, கம்பி இழுப்பது, பொடி வைத்துப் பற்றவைப்பது என எல்லாமே அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து கற்க வேண்டிய வேலை. கற்றுக்கொண்டால் காலத்துக்கும் சோறு போடும்.

ஆனால் பையனுக்கு மனசெல்லாம் பாட்டில்தான். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. ஒருநாள் பையனைக் காணோம்! தேடிப் போனால் ஆந்திராவின் கடப்பாவில், கூட்டத்துக்கு நடுவே பாடிக்கொண்டிருந்தான். அப்பா அவனைத் திருச்சிக்கு அழைத்து வந்தார். அதன்பிறகு பாட்டுக்குத் தடை போடவில்லை.

10 வயதில் மேடை

திருச்சியில் ரசிக ரஞ்சனா சபாவை நடத்திவந்தவர் எஃப்.ஜி.நடேச ஐயர். ரயில்வே அதிகாரி, நாடகப் பிரியர். பையனின் குரலைக் கேட்டு, 'அரிச்சந்திரா' நாடகத்தில் லோகிதாசன் வேடம் கொடுத்தார்.

அன்றைய நாடகம் என்றால் வசனத்தைவிடப் பாட்டுதான் அதிகம். மேற்கத்திய நாடுகளின் ஓப்பரா மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல மைக் கிடையாது. கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி பாடுபவர்தான் ராஜபார்ட் ஆக முடியும். அதற்குப் பயிற்சி வேண்டும். மதுரை பொன்னு ஐயங்காரிடம் 6 வருடம் கர்நாடக சங்கீதம் கற்றார். பட்டறையில் போகவேண்டிய வருடங்கள் இப்படிப் பாட்டில் போயின.

1926-ல் திருச்சியில் 'பவளக்கொடி' நாடகத்தின் நாயகன் ஆனார். அதே நாடகத்தை இயக்குநர் கே.சுப்பிரமணியம் 1934-ல் படமாக்கினார். மேடையில் ஜோடியாக நடித்த எஸ்.டி.சுப்புலட்சுமிதான் படத்திலும் ஜோடி.

உச்சம்

1937-ல் வந்த 'சிந்தாமணி' ஒரு வருடத்துக்கும் மேல் ஓடியது. அதில் வந்த லாபத்தில் மதுரையில் சிந்தாமணி என்ற பெயரிலேயே ஒரு தியேட்டர் கட்டினார்கள். அடுத்து அம்பிகாபதி, திருநீலகண்டர், அசோக்குமார், சிவகவி எனத் தொடர் வெற்றி. பாபநாசம் சிவனின் பாடல்கள் இவர் குரலில் பட்டிதொட்டி எல்லாம் ஒலித்தன. பட்டு ஜிப்பா, வைரக் கடுக்கன், பாகவதர் கிராப் என்று அவர் தோற்றமே ஃபேஷன் ஆனது. தங்கத் தட்டில்தான் சாப்பிடுவார் என்றுகூட ஊரில் பேச்சு!

ஒரே மாதத்தில் எல்லாம் மாறியது

ஹரிதாஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே, 1944 நவம்பரில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் சென்னையில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். டிசம்பரில் பாகவதரும் நகைச்சுவை நடிகர் என்.எஸ்.கிருஷ்ணனும் கைதானார்கள். 1945-ல் இருவருக்கும் ஆயுள் தண்டனை. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. மீண்டும் விசாரிக்கச் சொல்லி அது உத்தரவிட, 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலை ஆனார்கள்.

குற்றம் இல்லை என்று ஆனது. ஆனால் போன மார்க்கெட் திரும்பவில்லை. சொந்தமாகத் தயாரித்த 'ராஜமுக்தி' (1948) தோல்வி. அடுத்து வந்த படங்களும் கைகொடுக்கவில்லை. சர்க்கரை நோய் வேறு உடம்பை வாட்டியது.

பாட்டு சோறு போடுமா என்பதுதானே அந்த அப்பாவின் பயம்? மகனைப் பாட்டு உச்சிக்குக் கொண்டுபோனது உண்மை. ஆனால் சினிமா அவரை மறந்தது. அப்போதும் அவர் பாட்டை விடவில்லை, கச்சேரி மேடைகளில் பாடிக்கொண்டேதான் இருந்தார்.

1959 நவம்பர் 1-ல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் காலமானார். வயது 49. கடைசியாக நடித்த 'சிவகாமி' வெளியானபோது அவர் உயிரோடு இல்லை.

உடல் திருச்சிக்கே கொண்டுவரப்பட்டது. அடுத்த முறை மலைக்கோட்டை, ஸ்ரீரங்கம் என்று கிளம்பும்போது, சங்கிலியாண்டபுரம் பக்கமும் ஒரு எட்டு போய் வாருங்கள். பாகவதரின் சமாதி அங்கேதான் இருக்கிறது.