நரம்பின் வழி கண்ட கஹால்

கனிந்த வாழைக் குலையைச் சுற்றி மொய்க்கும் பழ ஈயை நேயர்கள் அறிவார்கள். அதன் மூளை ஒரு கசகசா மணியளவே இருக்கும். 2024-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் அம்மூளை முழுவதற்கும் நரம்பு நரம்பாக வரைந்த படம் ஒன்று வெளியாயிற்று. சுமார் 1,39,000 நரம்பணுக்களும், அவை ஒன்றையொன்று சந்திக்கும் ஐந்து கோடிக்கு மேற்பட்ட இடங்களும் அதில் அடங்கியுள்ளன. இத்தனை நரம்புகளும் உடல் உருவாகும் காலத்தில் தத்தம் இடத்தைத் தேடி எவ்வாறு போய்ச் சேருகின்றன? இவ்வினாவுக்கு விடையின் முதற்பாகத்தைக் கண்ணால் கண்டு உலகுக்குச் சொன்னவர் ஸ்பெயின் தேசத்தவரான சந்தியாகோ ரமோன் இ கஹால். அவருடைய சரித்திரத்தைச் சுருக்கமாகவேனும் நம் நேயர்கள் அறிய வேண்டுமென்று விரும்புகிறோம்.

கஹால் 1852-ஆம் வருஷம் மே மாதம் 1-ந் தேதி பெத்தியா என்னும் மலைக் கிராமத்தில் பிறந்தார். தந்தை ரண வைத்தியர்; மகனும் வைத்தியனாக வேண்டுமென்பது அவருடைய பிடிவாதம். மகனுக்கோ சித்திரம் எழுதுவதிலேயே ஆசை. பள்ளியில் அடங்காத பிள்ளையென்று பெயரெடுத்தான். பதினோராம் வயதில், தானே செய்த பீரங்கியால் அண்டை வீட்டுக் கதவைத் தகர்த்துச் சில நாள் சிறையிலும் இருந்தான். தந்தை அவனைச் சவரக்காரரிடமும் செருப்புத் தைப்பவரிடமும் தொழில் பழக விட்டார். 1868-ல் பழைய இடுகாட்டுக்கு அழைத்துச் சென்று, அங்கே கிடந்த எலும்புகளைக் காட்டி உடற்கூறு கற்பித்தார். எலும்புகளைப் பார்த்துப் பார்த்து வரைந்த சிறுவனுக்கு, தந்தையின் விருப்பமும் தன் விருப்பமும் ஒன்றேயென்று அப்போது விளங்கிற்று. பிற்காலத்தில் நரம்புகளை அவர் வரைந்த சித்திரங்களைச் சாஸ்திரிகள் இன்றும் வியந்து பார்க்கின்றனர்.

1873-ல் ஸரகோஸா நகரில் வைத்தியப் பட்டம் பெற்ற அவரை ராணுவம் அழைத்துக் கொண்டது. 1874-ல் க்யூபாவுக்கு அனுப்பப்பட்டார். அது க்யூபா மக்கள் தங்கள் சுதந்திரத்துக்காகப் போராடிய யுத்தம். அவர் சேவை செய்தது ஆளும் தேசத்தின் சேனையில். இதை நாம் மறைத்து எழுதுவதற்கில்லை. அங்கிருந்து மலேரியாவால் உடல் நைந்து 1875-ல் திரும்பினார். பின்னர்ச் சொந்தப் பணத்தில் ஒரு பூதக்கண்ணாடியை வாங்கி வீட்டிலேயே ஆராய்ச்சியைத் தொடங்கினார். 1885-ல் வாலென்ஸியாவில் காலரா பரவியபோது அவர் செய்த ஆராய்ச்சியைப் பாராட்டி, ஸரகோஸா மாகாண சபையார் உயர்ந்த ஜெர்மானியப் பூதக்கண்ணாடி ஒன்றைப் பரிசளித்தனர்.

அக்காலத்துச் சாஸ்திரிகளிடையே ஒரு பெரிய வழக்கு நடந்துவந்தது. மூளையென்பது எங்கும் இடைவிடாது பின்னிய ஒரே வலையா, அன்றித் தனித்தனி ஜீவ அணுக்கள் கூடிய சமூகமா? பலர் வலையென்ற கட்சியில் இருந்தனர். இதை வீண் தர்க்கமென்று கருதலாகாது. மூளை ஒரே வலையாயின், எந்த நரம்பும் எங்கும் தேடிச் செல்ல வேண்டுவதில்லை. தனித்தனி அணுக்களாயின், ஒவ்வொன்றும் தன் துணையைத் தானே தேடியடைய வேண்டும். தவறினால் கண் காணாது, கால் நடவாது.

இத்தாலிய நிபுணர் கோல்ஜி 1873-ல் ஒரு சாயமுறையை வெளியிட்டிருந்தார். வெள்ளி உப்பினால் நூற்றில் சில நரம்பணுக்கள் மட்டும் வேரும் கிளையுமாகக் கறுத்து நிற்கும். மற்றவை நிறமின்றி விலகிவிடும். 1887-ல் மாத்ரித் நகரில் சிமாரோ என்னும் வைத்தியரிடம் கஹால் இதைக் கண்டார். கண்டது முதல் அவருக்கு வேறு நினைவில்லை. அம்முறையைத் திருத்தியதோடு, அதனினும் முக்கியமான ஒரு யுக்தியையும் கையாண்டார். வளர்ந்த மூளை அடர்ந்த காடு. அதில் ஒரு மரத்தின் வேரைத் தொடர்ந்து பார்ப்பது அரிது. ஆகவே கோழிக் கருவையும் இளங்குட்டிகளையும் எடுத்துக் கொண்டார். இளங்கன்றுகள் நிற்கும் தோட்டத்தில் ஒவ்வொன்றின் கிளையும் தெளிவாகத் தெரியுமன்றோ? நரம்புகள் ஒன்றோடொன்று கலந்துவிடாமல், நெருங்கி வந்து தனித்து நிற்பதை அவர் கண்டார்.

அப்போது அவர் பார்ஸிலோனாவில் ஆசிரியர். பிள்ளைகள் பலர், சம்பளமோ சிறிது. 1888 மே மாதத்தில் தம் கைப்பணத்தைச் செலவிட்டுச் சொந்தமாக ஒரு சஞ்சிகை தொடங்கினார். அச்சிட்டது அறுபது பிரதி. அவற்றுள் பெரும்பகுதியை அயல்நாட்டு நிபுணர்களுக்கு அனுப்பினார். ஆயினும் ஸ்பானிஷ் பாஷையைப் படிப்பார் இல்லை. ஸ்பெயினிலிருந்து சாஸ்திரம் வருமென்று நம்புவாரும் இல்லை. கஹால் மனம் சோரவில்லை. 1889 அக்டோபரில் கண்ணாடித் தகடுகளைச் சுமந்து பெர்லின் நகரில் கூடிய உடற்கூறு நிபுணர் மகாசபைக்குத் தம் செலவிலேயே சென்றார். வாயால் வாதிடப் பாஷை போதவில்லை. அரைகுறைப் பிரெஞ்சு மொழியில் அழைத்து, ஒவ்வொருவரையும் பூதக்கண்ணாடியில் பார்க்கச் செய்தார். எழுபது வயது கடந்த மேதை கோலிக்கர் பார்த்தார். பார்த்துத் தம் பழைய கொள்கையையே கைவிட்டார். கஹாலின் எழுத்துக்களைப் படிப்பதற்காகவே அம்முதியவர் ஸ்பானிஷ் பாஷையைக் கற்றார்.

வளரும் நரம்பு தன் அணுவிலிருந்து புறப்பட்டுச் செல்கிறதென்று ஹிஸ் என்பவர் முன்னரே கூறியிருந்தார். 1890-ல் கஹால் அதன் நுனியையே கண்டார். மூன்று நாள் கோழிக் கருவின் முதுகுத் தண்டில், ஒவ்வொரு நரம்பின் முனையும் கூம்பாகப் பருத்து, விரல் போன்ற நீட்சிகளோடு விளங்கிற்று. அதற்கு வளர்ச்சிக் கூம்பு என்று பெயரிட்டார். அவர் கண்டது உயிரற்ற திசு. அசைவை அதில் காண முடியாது. எனினும், அது முன்னே தடவிச் செல்லும் உறுப்பென்று உய்த்துணர்ந்தார். 1892-ல் மேலும் ஒரு படி சென்றார். சேர வேண்டிய இடத்திலிருந்து சுரக்கும் ஏதோ இரசாயனப் பொருளே அக்கூம்பை இழுத்துச் செல்கிறதென்று கொண்டார். 1907-ல் அமெரிக்கரான ஹாரிஸன், தவளைக் கருவின் திசுவைத் தனியே வளர்த்து, நரம்பின் முனை ஊர்ந்து செல்வதை உயிரோடு கண்டார்.

1906-ல் கோல்ஜிக்கும் கஹாலுக்கும் நோபல் பரிசு பங்கிட்டு அளிக்கப்பட்டது. கோல்ஜி தம் பரிசுரையிலேயே கஹாலின் கொள்கையை மறுத்துப் பேசினார். ஒருவர் கண்ட சாயம் மற்றவர் சித்தாந்தத்துக்குச் சாட்சியாயிற்று. சாயம் கண்டவரோ அச்சாட்சியத்தை ஏற்கவில்லை. இருவரும் மறைந்த பின், 1950-களில் எலெக்ட்ரான் பூதக்கண்ணாடி நரம்புகளின் இடையேயுள்ள நுண்ணிய இடைவெளியைக் காட்டித் தீர்ப்பைக் கஹாலின் பக்கம் உறுதி செய்தது.

புகழ் வந்தபின் அவர் ஓய்ந்திருக்கவில்லை. 1915-ல் டொமிங்கோ ஸான்சேஸ் என்பவருடன் சேர்ந்து ஈ, தேனீ முதலிய பூச்சிகளின் நரம்பு மண்டலத்தை ஆராய்ந்து நூல் வெளியிட்டார். பூச்சியின் மூளை சிறிதாயினும் அதன் பார்வை நரம்புகளின் அமைப்பு எளிதன்று என்று கண்டார்.

அவர் ஊகித்த இரசாயனப் பொருளைக் கண்டறியப் பின்னும் நெடுங்காலம் ஆயிற்று. 1994-ல் கோழிக் கருவின் மூளையிலிருந்தே நெட்ரின் என்னும் புரதம் பிரித்தெடுக்கப்பட்டது. அது நரம்பு முனையைத் தன்பால் இழுப்பது. விலக்கும் பொருளைக் காட்டிக் கொடுத்தது பழ ஈ. ஈயின் நரம்புத் தண்டிலும் நடுக்கோடு ஒன்றுண்டு. அங்குள்ள அணுக்கள் ஸ்லிட் என்னும் புரதத்தைச் சுரக்கின்றன. மேற்பரப்பில் ரோபோ என்னும் ஏற்பியைத் தாங்கிய நரம்பு அதை உணர்ந்து விலகும். கடக்க வேண்டிய நரம்பு, கடக்கும்வரை ரோபோவை அடக்கி வைக்கிறது. கடந்தபின் அது மிகுவதால் திரும்பி வருவதில்லை. ரோபோவின் மரபணு பழுதுற்ற ஈக்களில் நரம்புகள் கோட்டைக் கடந்து மீண்டும் மீண்டும் சுற்றி வருவதை 1993-ல் ஆராய்ச்சியாளர் கண்டனர். அதே இனப் புரதங்கள் முதுகெலும்புள்ள பிராணிகளின் உடலிலும் அதே வேலையைச் செய்கின்றன.

கஹால் 1934-ஆம் வருஷம் அக்டோபர் 17-ந் தேதி மாத்ரிதில் காலமானார். அவருடைய வாழ்க்கையில் நம் வாலிபர்கள் கவனிக்க வேண்டியது இரண்டு என்று நினைக்கிறோம். தாய்மொழியில் எழுத அவர் நாணவில்லை. அதே சமயம், தம் தேசத்தார் புகழ்ந்தால் போதுமென்று வீட்டில் இருந்துவிடவுமில்லை. தம் சாட்சியத்தைத் தாமே சுமந்து சென்று, எதிர்க்கட்சியார் கண்முன் வைத்தார். அறுபது பிரதிகளோடு தொடங்கிய அவ்வழக்கில் அவருக்குத் துணை நின்றது, எவரும் தம் கண்ணால் சோதித்துக் கொள்ளக்கூடிய உண்மை ஒன்றே.