பாஸ்கல் காட்டிய காற்றின் பாரம்

வால்வு திறந்து கிடக்கும் ஆறிய கொதிகலனில் அழுத்தமானியின் முள் சுழியில் நிற்கும். அதனால் உள்ளே அழுத்தமே இல்லை என்று எண்ணிவிடலாகாது. சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் கலனுக்குள்ளும் இருக்கிறது. மானி அதனைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அவ்வாறு சேராத பங்கு உயரத்துக்கேற்ப மாறும் என்பதைச் சோதனையால் மெய்ப்பித்தவர் பிளேஸ் பாஸ்கல். அப்பெரியாரின் வரலாற்றை நண்பர்களுக்குச் சுருங்கக் கூற விழைகின்றேன்.

பாஸ்கல் 1623-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் கிளர்மாண்ட் நகரில் பிறந்தார். மூன்று வயதில் தாயை இழந்தார். தந்தையே ஆசானாக அமைந்தார். வரி அலுவலில் தந்தை படும் கணக்குத் தொல்லையைக் கண்டு, பத்தொன்பது வயதிலேயே கணக்கிடும் பொறி ஒன்றை அமைக்கத் தொடங்கினார். நல்ல உடல்நலம் மட்டும் அவருக்கு வாய்க்கவில்லை.

இத்தாலியரான டாரிசெல்லி, பாதரசம் நிரப்பிய குழாயைக் கவிழ்த்துக் காற்றின் அழுத்தத்தை அளக்கும் வழியைக் காட்டியிருந்தார். காற்றுக்குப் பாரம் உண்டெனில், மலையுச்சியில் நமக்கு மேலுள்ள காற்று குறைவு. ஆகவே பாதரசம் அங்கே தாழவேண்டும் என்று பாஸ்கல் கருதினார். பாரிசில் இருந்த அவர், சோதனை செய்யுமாறு தம் தமக்கையின் கணவர் பெரியேவை வேண்டிக்கொண்டார். 1648 செப்டம்பர் 19 அன்று பெரியே, கிளர்மாண்டுக்கு அருகிலுள்ள புய் தெ தோம் மலைமீது ஏறினார். இன்றைய அளவையில் சொன்னால், கீழே சுமார் 711 மில்லிமீட்டர் நின்ற பாதரசம் உச்சியில் சுமார் 627-க்கு இறங்கியது. கீழே வைத்துச் சென்ற குழாயிலோ நாள் முழுதும் மாற்றமில்லை.

இதன் பயனைப் பாருங்கள். மானி ஒன்று 200 கிலோபாஸ்கல் காட்டுவதாகக் கொள்வோம். அன்றைய அளவுகளின்படி மலைக்குக் கீழே காற்றழுத்தம் 95. கூட்டினால் தனி அழுத்தம் 295. உச்சியில் 84 கூட்டினால் 284 தான். வெற்றிடமானியாயின், அது காட்டும் அளவைக் காற்றழுத்தத்தினின்று கழிக்கவேண்டும். வாயு விதிகள் தனி அழுத்தத்தையே கேட்கின்றன. மானியின் அளவை அப்படியே இட்டால் தேர்வில் மதிப்பெண் போகும். தொழிற்சாலையில் உயிரே போகக்கூடும்.

பாஸ்கல் 1662-இல் தமது 39-ஆம் வயதில் மறைந்தார். அழுத்தத்தின் அலகுக்கு 1971-இல் அவர் பெயர் சூட்டப்பெற்றது. அப்பெயரை எழுதும்போதெல்லாம், அது மானி காட்டிய அழுத்தமா, தனி அழுத்தமா என்பதையும் உடன் எழுதுவோமாக. அவருக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே என்பது என் எண்ணம்.