குறைகளை மறைக்காத விண்ணப்பம்

வெளிநாட்டில் மருத்துவம் பயில விரும்பும் உறவினர் மகளின் விண்ணப்பத்தை அண்மையில் படித்துப் பார்த்தேன். அதில் குறை என்று ஒன்றுகூட இல்லை. எனக்கு ஆனந்திபாய் ஜோஷியின் நினைவு வந்தது.

1865இல் கல்யாணில் பிறந்தவர் அவர். ஒன்பது வயதில், தம்மைவிட ஏறத்தாழ 20 வயது மூத்த அஞ்சல் எழுத்தர் கோபால்ராவுக்கு மணமுடிக்கப்பட்டார். 14 வயதில் ஈன்ற குழந்தை, தக்க மருத்துவம் இன்றிப் பத்தே நாளில் இறந்தது. மனைவியைப் படிக்கவைக்க அமெரிக்கப் பாதிரியார் ஒருவரிடம் கோபால்ராவ் உதவி கேட்டார். மதம் மாறவேண்டும் என்ற நிபந்தனையை இருவரும் ஏற்கவில்லை. அக்கடிதங்கள் அச்சேறிய இதழை, பல் மருத்துவரிடம் காத்திருந்த நியூஜெர்சியின் கார்ப்பென்டர் அம்மையார் தற்செயலாகப் படித்தார். 1883இல் கடல் கடந்த ஆனந்திபாய்க்கு அவர் வீடே புகலிடமானது.

பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரிக்கு எழுதிய விண்ணப்பத்தில், தம் கல்வித் தகுதி போதாது என்பதையும் கையில் பணமில்லை என்பதையும் ஆனந்திபாய் ஒளிக்கவில்லை. ஆண் மருத்துவரிடம் செல்வதைவிடச் சாவதே மேல் என்றிருந்த தம் நாட்டுப் பெண்களின் துயரையே காரணமாகக் காட்டினார். கல்லூரி உதவித்தொகை அளித்துச் சேர்த்துக்கொண்டது. இன்றைய தேர்வுக் குழு அம்மடலை முழுதாகப் படித்திருக்குமா என்பது என் ஐயம்.

1886 மார்ச்சில் பட்டம் பெற்றார்; இந்துக்களிடையே மகப்பேறு பற்றியதே ஆய்வேடு. கோலாப்பூர் மருத்துவமனையின் பெண்கள் பிரிவு அவருக்காகக் காத்திருந்தது. காசநோயுடன் திரும்பியவர், பொறுப்பேற்காமலே 1887 பிப்ரவரியில், 22 வயது நிறையுமுன் காலமானார். அவரது அஸ்தி மீண்டும் அமெரிக்கா சென்றது. கார்ப்பென்டர் குடும்பத்தாரின் கல்லறை நிலத்தில் அது அடக்கம் செய்யப்பட்டது.